மறுவடிவம் கொண்ட சொகுசு வண்டி: வாங்குமுன் யோசிக்க வேண்டியவை

உயர்தர மோட்டார் வண்டிகளைச் செய்யும் கம்பெனிகள், ஆறேழு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் வண்டி ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, முகத்தையும் உடலையும் உள்ளறையையும் மாற்றி, அப்படியொரு வண்டி உலகில் அதுவரை இருந்ததே இல்லை என்பது போன்ற கோலாகலத்தோடு மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருவது வழக்கம். காரைப் போல் ஓடவும், எஸ்.யு.வி.யைப் போல் உயர்ந்து நிற்கவும் செய்கிற கிராஸ்ஓவர் வகையில் இந்த வழக்கம் இன்னும் கண்டிப்பாக நடந்துவருகிறது. ஏனெனில், 1998-ல் அமெரிக்காவில் லெக்ஸஸ் ஆர்.எக்ஸ். 300 வெளிவந்து, மறு ஆண்டே பி.எம்.டபிள்யூ.வின் எக்ஸ்5 அதன் பின்னே வந்து சேர்ந்தது முதல், சொகுசுக் கம்பெனிகளுக்குச் சோறு போடுவது இந்த வகைதான் என்று சொல்லிவிடலாம். இப்படி மறுவடிவம் பெற்ற வண்டியை வாங்க நினைப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த வண்டி நமக்கு வேண்டியதுதானா என்பது ஒன்று; இது மாறியிருக்கிறதே, அந்த மாற்றத்துக்காக நாம் கொடுக்கும் அதிகப்படிப் பணத்துக்கு ஈடான பிரயோஜனம் நமக்குக் கிட்டுமா என்பது மற்றொன்று. முதற் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் அபூர்வம். கேட்பவரும் வண்டியை ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகு அதை மறந்துவிடுகிறார்.

பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் இந்த விஷயம் பிடிபடாது. ஆகையால் ஒரு வண்டியைக் கண் முன்னே நிறுத்திக்கொள்வோம். செங்கற்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007-ஆம் ஆண்டு முதல் பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் தொழிற்சாலை இயங்கிவருகிறது. எக்ஸ்3 என்னும் நடுத்தர அளவுக் கிராஸ்ஓவர் நம் நாட்டுக்காகப் பூட்டப்படுவது அங்கேதான். இந்த வண்டியின் முதல் தலைமுறை 2003-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிறந்தது. 2010-லும் 2017-லும் வடிவம் மாறிற்று. நான்காம் தலைமுறை 2024 ஜூனில் உலகுக்குக் காட்டப்பட்டு, 2025 ஜனவரியில் தில்லி மோட்டார் கண்காட்சியில், பெட்ரோல் வண்டி 75.80 லட்சம், டீசல் வண்டி 77.80 லட்சம் என்ற ஷோரூம் விலையோடு இந்தியாவில் அறிமுகமாயிற்று.

மாறியது என்ன, மாறாதது என்ன? பழைய வண்டியை விட இது 34 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது; 29 மில்லிமீட்டர் அகன்றிருக்கிறது; 25 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையேயுள்ள தூரமோ, 2,864-லிருந்து 2,865 ஆகியிருக்கிறது. அதாவது ஒரே ஒரு மில்லிமீட்டர். பின் இருக்கையில் உட்காருபவரின் முழங்காலுக்கு எவ்வளவு இடம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தத் தூரமே ஆகையால், வெளியே இத்தனை ஆடம்பரமாக மாறிய வண்டியில் பின்னால் உட்காரும் உங்கள் தகப்பனாருக்கு மாற்றம் ஏதும் தெரியாமற் போனால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நடுவே தரை மேடிட்டிருப்பதும் அப்படியே இருக்கிறது. மூன்றாவதாக நடுவில் உட்காருபவர் இரு கால்களையும் இரு பக்கமும் போட்டுக்கொண்டுதான் பிரயாணம் செய்ய வேண்டும். அடிக்கட்டு முந்திய தலைமுறையின் அடிக்கட்டையே திருத்திச் செப்பனிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் ஓடித் தேர்ந்த அடிக்கட்டில் எதிர்பாராத கோளாறுகள் குறைவு. நிதானமான மனிதருக்கு இது ஓர் ஆறுதல்கூட. ஆயினும், எலும்புக்கூடு பழையது, தோல்தான் புதியது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.

உள்ளே ஏறி உட்கார்ந்தால் மாற்றம் பிரத்தியட்சமாகத் தெரியும். ஓட்டுபவரின் முன்னே 12.3 அங்குலமும், அதை ஒட்டி நடுவில் 14.9 அங்குலமுமாக வளைந்த திரை நிற்கிறது. முன்பு விரலால் தடவியே கண்டுகொள்ளக் கூடியதாய் இருந்த ஏ.சி. பொத்தான்கள் மறைந்து, அந்த வேலை திரைக்குள் போய்விட்டது. மவுண்ட் ரோட்டில் பிற்பகல் மூன்று மணி வெயிலில், பக்கத்தில் ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு வரும்போது, காற்றை இரண்டு படி கூட்டுவதற்காகக் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத் திரையில் வைக்க வேண்டியிருக்கிறது என்பதை, குளிரூட்டிய ஷோரூமுக்குள் நின்றபடி உணர முடியாது. கதவின் உட்பக்கத்தில் கை படும் இடங்களில் பிளாஸ்டிக் முன்னைவிட மட்டமாகத் தோன்றுகிறது என்று மேல்நாட்டு விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். அவர்கள் சொன்னதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். கதவைத் திறந்து, கைப்பிடிக்குக் கீழே, காலணி உரசும் பகுதி வரை விரலால் தட்டிப் பாருங்கள். முந்திய தலைமுறை வண்டி ஒன்று பக்கத்தில் கிடைத்தால் அதையும் தட்டிப் பாருங்கள். முக்கால் கோடி ரூபாய்ப் பொருளை வாங்குபவருக்குத் தட்டிப் பார்க்கும் உரிமை உண்டு.

எல்லா மறுவடிவமும் இப்படித் தோலளவில் நின்றுவிடுவதில்லை. லெக்ஸஸ் ஆர்.எக்ஸ். வண்டியின் ஐந்தாம் தலைமுறை 2022 ஜூனில் வந்தபோது, வெளி நீளம் பழையபடி 4,890 மில்லிமீட்டராகவே இருக்க, அடிக்கட்டே மாறிற்று. சக்கரங்களின் இடைத்தூரம் 60 மில்லிமீட்டர் கூடிற்று. எடை 90 கிலோ வரை குறைந்தது. அமெரிக்கர்கள் இருபது வருஷங்களுக்கு மேல் பழகியிருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, 2.4 லிட்டர் கொள்ளளவுள்ள நாலு சிலிண்டர் டர்போ எஞ்சினை வைத்தார்கள். இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஓட்டிக்கொண்டே விரலால் சுட்டெலியை நகர்த்துவது போல் திரையில் அம்பை நகர்த்த வேண்டியிருந்த தொல்லை நீங்கியது லாபம். ஆறு சிலிண்டரின் மெத்தென்ற ஓட்டம் போனது, அதை ரசித்தவர்களுக்கு நஷ்டம். நம் நாட்டுக்கு வந்தவை ஹைபிரிட் வகைகள் மட்டுமே. இந்த இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தால், ஒரே பெயரில் வழங்கும் மறுவடிவத்தில் எத்தனை ஜாதி உண்டு என்பது விளங்கும். ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இதில் என்னவெல்லாம் புதிது?" என்பதன்று, அதற்கு அவர் அரை மணி நேரம் பதில் சொல்வார். "பழைய வண்டியிலிருந்து எதையெல்லாம் எடுத்துவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிஷம் மௌனம் நிலவும். பிறகு வரும் பதில் உபயோகமுள்ளதாக இருக்கும்.

புதுமை எவ்வளவு காலம் புதுமையாக நிற்கும் என்பதற்கும் எக்ஸ்3 நல்ல உதாரணம். அந்த வண்டி உலகுக்குக் காட்டப்பட்ட பதினைந்தாவது மாதம், 2025 செப்டம்பரில், அதே கம்பெனி ஐ.எக்ஸ்3 என்னும் மின்சார வண்டியை மியூனிக்கில் வெளியிட்டது. பெயரில் உறவிருந்தாலும், அதன் அடிக்கட்டு வேறு, முகம் வேறு, கண்ணாடிக்கு அடியில் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடும் காட்சிப் பட்டை வேறு. இனி வரும் தங்கள் வண்டிகளின் சாயல் இதுவே என்றும் கம்பெனி அறிவித்துவிட்டது. எனவே, ஊரிலேயே புதிய உருவத்தை முதலில் வாங்கியவர் என்ற கௌரவத்துக்காகப் பணம் கொடுத்தவருக்கு, அந்தக் கௌரவம் தீபாவளிக்குத் தீபாவளி கூடத் தாங்கவில்லை. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் ஓட்டத்துக்கும் பணம் கொடுத்தவருக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை. அவருடைய வண்டி நேற்று ஓடியபடியே இன்றும் ஓடுகிறது.

முதல் வருஷத்து வண்டியை வாங்கலாகாது என்று பழைய மோட்டார்க்காரர்கள் சொல்வதுண்டு. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் காரணம் இடம் மாறிவிட்டது. முன்பு எஞ்சினும் கியரும் தகராறு செய்தன. இப்போது தகராறு செய்வது மென்பொருள். திரை உறைந்து போவது, போன் சேர மறுப்பது, பின்னால் பார்க்கும் காமிரா ரிவர்ஸ் போட்ட பிறகு யோசித்துவிட்டுப் படம் காட்டுவது போன்ற சில்லறை உபத்திரவங்கள் முதல் ஆண்டில் அதிகம். திருத்தங்கள் காற்று வழியே வந்து சேரச் சேரக் குறையும். பெரிய கோளாறும் வருவதுண்டு. வெளியார் செய்துகொடுத்த பிரேக் அமைப்பு ஒன்றின் குறைக்காக 2024 செப்டம்பரில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் சோதிக்க வேண்டியிருக்கிறது என்று பி.எம்.டபிள்யூ.வே அறிவித்தது, ஒரே உறுப்பைப் பல மாடல்களிலும் பொருத்தும் காலத்தில் ஓரிடத்துப் பிழை எங்கும் பரவுகிறது. இதுபோன்ற சமயங்களில் கம்பெனி செலவில் சரிசெய்துவிடுகிறார்கள் என்பது உண்மை. உங்கள் நாட்களை யாரும் திருப்பித் தருவதில்லை என்பதும் உண்மை. என் அபிப்பிராயத்தில், அவசரமில்லாதவர் மறுவடிவம் வந்த பன்னிரண்டு மாதங்களுக்குப் பின் வாங்குவதே உத்தமம்; தள்ளுபடியும் அப்போதுதான் பேச்சுக்கு வரும்.

மென்பொருளைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையைச் சூடாக்கும் வசதியை வண்டிக்குள் பொருத்திவிட்டு, அதை உபயோகிக்க மாதச் சந்தா கேட்ட கதை 2022-ல் சில நாடுகளில் நடந்து, பெரிய கூச்சல் எழுந்து, மறு ஆண்டில் அதைக் கைவிட்டார்கள். இருக்கையைச் சூடாக்குவதில் நமக்கென்ன, நம் இருக்கைகளை வெயிலே சூடாக்கிவிடுகிறது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வழிகாட்டும் வரைபடம், தொலைவிலிருந்தே ஏ.சி.யை முடுக்கும் வசதி முதலியவற்றில் எது வண்டியின் ஆயுள் வரை நம்முடையது, எது சில ஆண்டுகளுக்குப் பின் சந்தாவில் போகும் என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இனிப் பணம். இந்த அத்தியாயத்தில் வாசகர் நிதானமாக இருந்து படிக்க வேண்டிய பகுதி இதுதான். கணக்குக்குச் சுலபமாக ஷோரூம் விலை 75 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 75 லட்சத்துக்குள்ளேயே ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 வரை பெரிய எஸ்.யு.வி.களுக்கு 28 சதவீத வரியும் அதன்மேல் 22 சதவீத செஸ்ஸுமாக 50 சதவீதம் இருந்தது. அன்று முதல் செஸ் நீங்கி, வரி 40 சதவீதம் என்றாயிற்று. விலைகள் லட்சக்கணக்கில் இறங்கின. முந்திய வாரம் முகூர்த்தம் பார்த்து வண்டி எடுத்தவர்களின் மனநிலையை வர்ணிக்க வேண்டியதில்லை. வரி மாறும் என்று அரசாங்கம் அறிவித்து, மாறும் நாள் இன்னும் வராத இடைக்காலத்தில் வண்டி எடுக்கலாகாது என்பதை இதிலிருந்து விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஷோரூம் விலையோடு காரியம் முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். எழுபத்தைந்து லட்சத்துக்கு அது 15 லட்சம். ஒரு நல்ல குடும்பக் காரின் விலை. இன்ஷூரன்ஸ் முதல் ஆண்டில் ஏறக்குறைய மூன்று லட்சம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காரானதால் ஒரு சதவீதம் வருமான வரிக் கணக்கில் பிடிப்பார்கள். அந்த 75,000 ரூபாயை நீங்கள் வருமான வரி செலுத்தும்போது கழித்துக்கொள்ளலாம் என்றாலும், இன்றைக்குக் கைவிட்டுப் போவது போவதுதான். ஆக, 75 லட்சத்து வண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது 94 லட்சத்தை ஒட்டி நிற்கும். இதில் 34 லட்சத்தைக் கையிலிருந்து போட்டு, 60 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால், மாதத் தவணை சுமார் 1,24,500 ரூபாய்; ஐந்தாண்டில் வட்டியாக மட்டும் போவது ஏறத்தாழ 14.7 லட்சம். வரியும் வட்டியும் சேர்ந்து முப்பது லட்சத்தை எட்டிப்பிடிக்கின்றன. இவை இரண்டும் வண்டியில் ஓர் ஆணியாகக்கூடக் காட்சியளிப்பதில்லை.

தவணையைக் குறைத்துக் காட்டும் உபாயம் ஒன்று இருக்கிறது. கடைசியில் பெருந்தொகை ஒன்றை நிறுத்தி வைத்து, "மூன்று ஆண்டுக்குப் பின் வண்டியை நாங்களே இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று உறுதி கொடுத்து, மாதத் தவணையைப் பாதியாக்கிச் சொல்வார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வண்டி மாற்றும் வழக்கமுள்ளவருக்கு இது சௌகரியமே. ஆனால் உறுதியோடு ஒட்டியுள்ள நிபந்தனைகளை, அதாவது வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடலாம், கீறல் எத்தனை வரை பொறுப்பார்கள், சர்வீஸ் முழுவதும் அவர்களிடமே செய்ய வேண்டுமா என்பவற்றைப் படிக்காமல் கையெழுத்திட்டவருக்கு அந்த விலை முழுதாகக் கிடைப்பதில்லை.

புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி மிச்சமாகுமே என்று காதோடு காதாக யோசனை சொல்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அங்கே வசிப்பவருக்கு அது நியாயமான உரிமை. இல்லாத விலாசத்தைக் காட்டிப் பதிவு செய்து, வண்டியை அடையாற்றிலோ ஆர்.எஸ்.புரத்திலோ ஓட்டுபவர், ஒரு மாநிலத்து வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தையும், கேரளத்தில் இதே காரியத்துக்காகப் பிரசித்தமானவர்கள்கூட வழக்குச் சந்தித்ததையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விற்கும்போதும் அந்த எண் பலகை விலையைக் குறைக்கும். தொழில் செய்பவர்கள் கம்பெனி பெயரில் வாங்குவதற்கு வேறு காரணம் இருக்கிறது: வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம். கொடுத்த ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான காருக்கு அந்த வழி சட்டத்தில் அடைபட்டிருக்கிறது.

விலை இறங்கும் வேகத்தை இன்ஷூரன்ஸ்காரர்களின் அட்டவணையே காட்டிவிடும். அவர்கள் வண்டியின் மதிப்பை, ஓராண்டு முடிவதற்குள் 15 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 20-உம், மூன்றாம் ஆண்டில் 30-உம், நான்கில் 40-உம், ஐந்தில் 50-உம் கழித்துப் பார்க்கிறார்கள். இந்தக் கழிவு ஷோரூம் விலையின்மீது. செலுத்திய 15 லட்சம் ஆயுட்கால வரி இந்தக் கணக்கில் நுழைவதே இல்லை. சந்தையிலோ, சொகுசு வண்டிகள் இந்த அட்டவணைக்கும் கீழே இறங்குவதுதான் சாதாரணம். அதிலும் மறுவடிவம் ஒன்று வந்த மறு மாதம், பழைய தலைமுறை வண்டியின் விலை திடீரென்று வழுக்கும். விற்பவருக்கு இது சங்கடம். வாங்குபவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. கம்பெனியே சோதித்து உத்தரவாதத்தோடு விற்கும், மூன்று வருஷத்துக்கு உட்பட்ட முந்திய தலைமுறை வண்டியை எடுப்பவர், முதற் சொந்தக்காரர் கட்டிய ஆயுட்கால வரியையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறார். எக்ஸ்3 விஷயத்தில், 2022-ல் முகம் திருத்தி வந்த மூன்றாம் தலைமுறை வண்டியில் பொத்தான்களும் இருக்கின்றன. இடைத்தூரமும் ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு. நான்கு ஆண்டுகளுக்குள் விற்றுவிடும் எண்ணமுள்ளவர் புதியதை வாங்குவதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை. எட்டு, பத்து ஆண்டு வைத்துக்கொள்பவருக்குக் கணக்கே வேறு: முதல் ஆண்டுகளின் சரிவு அவருக்கு எட்டால் வகுபட்டுவிடும், முழு ஆயுளையும் தாமே அனுபவிக்கிறவர் புதிதாகவே வாங்கலாம்.

பணம் சரியென்று தீர்ந்த பிறகும், பலர் அளக்க மறந்துபோவது சொந்த வீட்டின் வாசலை. அடுக்குமாடிகளில் ஒரு காருக்கென்று கோடு போட்டிருக்கும் இடம் பெரும்பாலும் இரண்டரை மீட்டர் அகலம். எக்ஸ்3-இன் அகலம், பக்கக் கண்ணாடிகள் நீங்கலாக, 1,920 மில்லிமீட்டர். மிச்சம் 580 மில்லிமீட்டர். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 290. ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான அந்த இடைவெளியில், கனத்த கதவைத் திறந்து, பருமனான தேகமுடைய ஒருவர் வெளியேற வேண்டும். ஒரு பக்கம் தூண் இருந்துவிட்டால் அதற்கும் வழியில்லை. அடுக்கி நிறுத்தும் இயந்திரத் தட்டுகள் உள்ள கட்டடமானால், அவற்றில் பல செடான் கார்களுக்கென்று 1.55 மீட்டர் உயரத்தோடு அமைந்தவை. இந்த வண்டி 1.66 மீட்டர் நிற்கிறது. மூன்று சென்டிமீட்டர் அகலம் கூடியதென்றால் என்ன பிரமாதம் என்று ஷோரூமில் தோன்றும். ஆகவே டெஸ்ட் டிரைவ் என்பது அவர்கள் வகுத்து வைத்திருக்கும் நாலு வழிச் சாலையில் ஒரு சுற்றோடு முடியக் கூடாது. "சார், டெமோ வண்டி இவ்வளவு தூரம்தான் போகலாம்" என்று விற்பனையாளர் தயங்கினாலும், உங்கள் வீட்டுச் சரிவில் இறக்கி, உங்கள் கோட்டுக்குள் நிறுத்தி, இரு பக்கமும் வழக்கமான வண்டிகள் நிற்கும் சமயத்தில் இறங்கிப் பார்த்துவிட வேண்டும்.

அப்போதே வீட்டிலுள்ள மூத்தவரையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். புடவை கட்டிய பாட்டி, ஒரு கையால் கதவைப் பிடித்து, முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே இழுத்துக்கொள்ள முடிந்தால் அந்த வண்டியின் உயரம் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது. முதலில் காலை வைத்து ஏற வேண்டியிருந்தால் ஏற்றதன்று. தெரு முனையில் யார் போட்டதென்று தெரியாத வேகத்தடை ஒன்று எங்கும் இருக்கும். ஐந்து பேரோடு அதன்மேல் மெதுவாக ஏறி இறங்குங்கள். பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் கொண்ட உயர் ரகத்தில் அந்தக் குலுக்கல் முதுகில் ஏறும். ஒரு ரகம் கீழே இறங்கி, சிறிய சக்கரத்தோடு வாங்கினால் சவாரியும் மேம்படும், பணமும் மிஞ்சும். கம்பெனிகள் விளம்பரப் படத்தில் எப்போதும் பெரிய சக்கரத்தையே காட்டுகின்றன.

பெட்ரோலா டீசலா என்பதற்கு விஸ்தாரமான விசாரணை வேண்டாம். எக்ஸ்3-இன் பெட்ரோல் எஞ்சின் 190 குதிரைத்திறன், டீசல் 197. ஆனால் இழுவையில் பெட்ரோலுக்கு 310, டீசலுக்கு 400 நியூட்டன் மீட்டர். மாதம் இரு முறை சென்னையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ போகிறவருக்கு டீசலே பொருத்தம். நுங்கம்பாக்கத்துக்கும் வேளச்சேரிக்கும் இடையே தினம் ஊர்கிறவர் டீசலை நினைக்கவே வேண்டாம், புகையை வடிக்கும் வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமே என்பதால், வீட்டில் சொந்தமாகச் சார்ஜ் செய்ய இடமுள்ளவர் அந்தப் பக்கமும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

செங்கற்பட்டில் பூட்டப்படுவதால் உதிரிப் பாகமெல்லாம் செங்கற்பட்டு விலையில் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எஞ்சினைப் பக்கத்திலேயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பூட்டித் தருகிறது, இருக்கைகளும் கதவுப் பலகைகளும் சுற்றுவட்டாரத்தில் தயாராகின்றன என்பதெல்லாம் உண்மை. இதனால்தான், முழு வண்டியாகக் கப்பலில் இறங்கும் 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு விதிக்கும், ஏறக்குறைய காரின் விலைக்கே சமமான இறக்குமதி வரி இதற்கு இல்லாமற் போகிறது. பழுது வந்து மாற்றும் உறுப்பின் விலை வேறு சமாசாரம். வாங்குமுன் சர்வீஸ் மேலாளரைக் கண்டு, விற்பனையாளரை அல்ல, ஐந்து பொருள்களின் விலையை மட்டும் கேளுங்கள்: முன் கண்ணாடி, ஒரு பக்கத்து ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, பிரேக் டிஸ்க்கும் பேடும், நாலு டயர். ஹெட்லைட் இப்போது விளக்கன்று, பல எல்.இ.டி.களையும் ஒரு சிறு கணினியையும் உள்ளடக்கிய பெட்டி. ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துவிட்டுப் போனால் செலவு லட்சத்தில் வரும். முன் கண்ணாடியை மாற்றினால், அதன் மேல் விளிம்பிலுள்ள காமிராவை மீண்டும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அது ஒவ்வொரு ஒர்க்ஷாப்பிலும் முடியாது. சொகுசுக் கம்பெனிகளின் ஒர்க்ஷாப் சென்னை, கோவை, மதுரை போன்ற பெரிய ஊர்களில்தான் இருக்கும். நாகர்கோவில்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒவ்வொரு சர்வீசுக்கும் ஒரு நாளைத் தாரை வார்க்கத் தயாராக வேண்டும். ஸ்டெப்னி சக்கரம் இருக்கிறதா, இருந்தால் முழு அளவா, மெலிந்ததா என்பதையும் டிக்கியைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலமோ கம்பெனிக்குக் கம்பெனி இரண்டாண்டிலிருந்து எட்டாண்டு வரை வேறுபடுகிறது; எட்டாண்டு வைத்திருக்கப் போகிறவர் இதைத் திரையின் அங்குலத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

இன்ஷூரன்சில் சென்னைவாசிக்கு ஒரு விசேஷ ஜாக்கிரதை தேவை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும், அடித்தளங்களில் நிறுத்திய வண்டிகள் தண்ணீரில் நின்றன. நனைந்ததைவிட, தண்ணீர் வடிந்ததும் ஆவலோடு ஸ்டார்ட் செய்ததால் பாழான எஞ்சின்கள் பல. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்க மறுப்பதால் உள்ளே தண்டு வளைந்துவிடுகிறது. இப்படி நேர்ந்த சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற சேர்க்கையைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். வண்டி முழுநாசமானாலோ திருடுபோனாலோ, சாலை வரியையும் சேர்த்துப் பில் தொகையைத் தரும் சேர்க்கையும் உண்டு. 15 லட்சம் வரி கட்டியவருக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஷோரூம்காரர் காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

எல்லாவற்றையும் ஆராய்ந்து வாங்குவதென்றே தீர்மானித்தவர், பதிவுக்குப் பணம் கட்டுமுன் ஸ்டாக் யார்டுக்கு நேரே போய்த் தமக்கென ஒதுக்கிய வண்டியைப் பார்த்துவிட வேண்டும். எண் பலகை ஏறிய பிறகு அது உங்களுடையது, அதன் கீறலும் உங்களுடையது. படிவம் 22-இல் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். ஜனவரியில் எடுக்கும் வண்டி முந்திய ஆண்டில் பூட்டப்பட்டதானால் விற்கும்போது ஒரு வயது கூடுதலாகவே எண்ணப்படும், அதற்கேற்ற தள்ளுபடியைக் கேட்டுப் பெறலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்; 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம்; நாலு டயரும் படிவத்திலுள்ள மாதத்துக்குச் சற்று முந்தியவையாகவும் ஒன்றுக்கொன்று நெருங்கியவையாகவும் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். பெயின்டை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். காலை வெயிலில், வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு, பானெட்டிலிருந்து டிக்கி வரை பக்கவாட்டில் சாய்ந்து நின்று பாருங்கள். திரையில் காட்டும் ஒவ்வொரு வசதியும் நீங்கள் பணம் கட்டிய ரகத்துக்குரியதுதானா என்று புக்கிங் காகிதத்தோடு ஒத்துப் பார்த்து, குறை ஏதும் இருந்தால் டெலிவரி சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகு மாலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் ஏற்பாடு செய்யலாம்.